கறுப்பு நூலின் மேல் ஒரு புகார்

பாரிஸில் கோப்லான் என்றொரு நெசவுக்கூடம் இருக்கிறது. பதினான்காம் லூயி ஆண்ட காலத்தில், 1662இல், அமைச்சர் கோல்பேர் அதை அரசின் பொறுப்பில் கொண்டுவந்தார். அரண்மனைச் சுவர்களை மறைத்துத் தொங்கும் சித்திரத் திரைகளை நெய்வதுதான் அங்கே வேலை. ஓவியர் தீட்டிக் கொடுத்த மாதிரியைப் பார்த்துப் பார்த்து, சாயம் தோய்த்த கம்பளி நூல்களால் நெசவாளர்கள் அதைத் தறியில் மறுபடி உண்டாக்குவார்கள். பெரிய திரை ஒன்று முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். நூலின் சாயம் பிசகினால் அத்தனை உழைப்பும் வீண்.

1824இல் இந்தக் கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக மிஷேல் யூஜேன் ஷெவ்ரல் வந்தார். அவர் வேதியியலர். கொழுப்பைக் கூறுகூறாகப் பிரித்து ஆராய்ந்து, சோப்பு உண்டாகும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாக்கியவர். புகையும் நாற்றமுமாக எரிந்த விலங்குக் கொழுப்பு மெழுகுவத்தியின் இடத்துக்கு ஸ்டீயரின் மெழுகுவத்தி வந்தது அவருடைய ஆய்வினால்தான். பதவியேற்றதும் அவருடைய மேசைக்கு வந்தவை புகார்கள். சில சாயங்கள் சீக்கிரம் வெளிறிவிடுகின்றன என்றார்கள். சோதித்தார், உண்மைதான். கறுப்பு நூலில் அழுத்தம் போதவில்லை என்றும் ஒரு புகார் வந்திருந்தது. நீல ஆடை, ஊதா ஆடை ஆகியவற்றின் மடிப்புகளில் நிழல் காட்ட அந்தக் கறுப்பைச் சேர்த்து நெய்தால், அது சோகை பிடித்தாற்போல் தெரிகிறதாம்.

ஷெவ்ரல் பிரான்ஸின் நல்ல பட்டறைகளிலிருந்தும், லண்டனிலிருந்தும், வியன்னாவிலிருந்தும் கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கோப்லான் கறுப்பு எதற்கும் இளைத்ததாக இல்லை. சாயத்தொட்டியில் குற்றமில்லை என்றால் வேறெங்கே? அந்தக் கறுப்பு நூல் எந்த நூலின் பக்கத்தில் நெய்யப்பட்டதோ அங்கே. நீலத்தின் அருகில் வைத்த கறுப்பின் மேல், நீலத்துக்கு எதிர்நிறமான ஆரஞ்சின் சாயல் படிந்துவிடுகிறது. ஆரஞ்சு படிந்த கறுப்பு பழுப்பாகவும் வெளுத்தும் தெரிகிறது. நூலில் எதுவும் மாறவில்லை. மாற்றம் முழுக்கப் பார்ப்பவரின் கண்ணில் நடக்கிறது.

இதை 1828இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வாசித்த ஷெவ்ரல், மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து, 1839இல் எழுநூறு பக்கங்களைத் தாண்டிய ஒரு நூலாக வெளியிட்டார். ஐரோப்பிய ஓவியத்தில் வண்ணத்தின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நிறமிகளின் கதையைச் சொல்கிறார்கள்: எந்த நீலம் எந்த மலையிலிருந்து வந்தது, எந்தப் பச்சையில் நஞ்சு இருந்தது. அவையும் அருமையான கதைகள்தாம். ஆனாலும் என் கணிப்பில், அந்த வரலாறு திரும்பிய இடம் இந்தக் கறுப்பு நூல்தான். வண்ணம் என்பதைக் கிண்ணத்தில் இருக்கும் பொருளாக மட்டும் எண்ணிவந்த ஒரு தொழில், அதை இரண்டு பரப்புகளுக்கு நடுவே நிகழும் உறவாகவும் எண்ண வேண்டியதாயிற்று.

அதுவரை பொருளாக எண்ணியதற்கு வலுவான காரணம் இருந்தது. பொருளுக்கு விலை உண்டு. 1485இல் ஃபிளாரன்ஸ் நகரின் அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்காகக் கிர்லாந்தாயோ என்ற ஓவியர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பயன்படுத்தும் நீலம் அவுன்ஸுக்குச் சுமார் நான்கு ஃப்ளோரின் தங்க நாணயம் பெறுமானமுள்ள அல்ட்ராமரீனாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஓவியத்தில் கன்னி மரியாளின் மேலங்கி நீலமாக இருந்தால் போதாது; எந்த விலை நீலம் என்பதும் பக்தியின் அளவுகோல்.

அந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில், சர்-இ-சங் சுரங்கத்தில் வெட்டிய லாபிஸ் லசூலி கல்லிலிருந்து வந்தது. கல்லை இடித்துப் பொடியாக்கினால் நீலம் கிடைக்கும் என்று நினைப்போம். கிடைப்பது மங்கலான சாம்பல். கல்லுக்குள் நீலக் கனிமத்தோடு வெள்ளைக் கால்சைட்டும் பொன்போல் மின்னும் பைரைட்டும் கலந்திருப்பதுதான் காரணம். 1400ஐ ஒட்டி இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி எழுதிவைத்த கைவினை நூல் இதற்கு வழி சொல்கிறது. கல்பொடியைப் பைன் பிசின், மஸ்தகி, மெழுகு ஆகியவற்றோடு பிசைந்து உருண்டையாக்க வேண்டும். மூன்று நாளாவது ஊறவிட்டு, சாம்பலிலிருந்து இறக்கிய காரநீருக்குள் வைத்து அந்த உருண்டையைப் பிசைய வேண்டும். நீலத்துகள்கள் மட்டும் மெல்லக் கழன்று நீருக்குள் இறங்கும். மற்றவை மெழுகையும் பிசினையும் விட்டு வராது. முதல் பிழிவில் வருவது உயர்ந்த நீலம். கடைசிப் பிழிவில் வருவது வெறும் நீலச்சாம்பல். வேதியியல் என்ற துறைக்குப் பெயர்கூட உறுதிப்படாத காலத்தில், துகள்களின் மேற்பரப்புப் பண்பைக் கொண்டு ஒரு கனிமத்தைப் பிரித்தெடுத்த அந்தக் கைத்திறனை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இவ்வளவு பாடுபட்டு எடுத்த நீலத்தை யார் வேறு வண்ணத்தோடு கலப்பார்கள்? முட்டைக்கருவில் குழைத்துத் தீட்டிய அந்தக் கால ஓவியர்கள் நிழலில் தூய வண்ணத்தையே வைத்து, வெளிச்சப் பகுதிக்கு வெள்ளையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். வண்ணங்களைக் கலந்தால் பெரும்பாலும் கெடும் என்பதே பட்டறை அனுபவம். அதே சமயம் கைக்குத் தெரிந்தது வேறொன்றும் இருந்தது. 1435இல் ஆல்பெர்த்தி தம் ஓவிய நூலில், சில வண்ணங்களுக்குள் நட்பு உண்டு, அவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒன்றுக்கொன்று மதிப்பைக் கூட்டும் என்கிறார். நீலம் மஞ்சளின் அருகிலும், பச்சை சிவப்பின் அருகிலும் கூடுதலாகச் சுடர்விடும் என்பதை லியொனார்டோ குறித்துவைத்தார். பார்த்ததைச் சரியாகவே பார்த்தார்கள். அதை விதியாக்கிக் கணக்கிடும் வழிதான் அவர்களிடம் இல்லை.

எண்ணெய் வந்தபோது வண்ணத்தின் இன்னொரு முகம் வெளிப்பட்டது. எண்ணெய் வண்ணத்தைக் கண்டுபிடித்தவர் ஃப்ளெமிஷ் ஓவியர் யான் வான் எய்க் என்று, ஓவியர்களின் வரலாறுகளை எழுதிய வசாரி சொன்னதைப் பலகாலம் நம்பினார்கள். அது சரியல்ல. ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைச் சுவர்களில், ஏழாம் நூற்றாண்டையொட்டிய சித்திரங்களில் உலரும் எண்ணெய் கலந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். வான் எய்க் செய்தது, எண்ணெயின் ஒளியியலை அதுவரை யாரும் எட்டாத எல்லைக்குக் கொண்டுபோனது. 1432இல் முடிந்த கென்ட் பீடச் சித்திரத்தில் செம்மேலங்கிகள் உள்ளிருந்து ஒளிர்வதாகத் தோன்றும்.

அந்த ஒளிர்வுக்குக் காரணம் ஒளிவிலகல் எண். சுண்ணாம்புப்பொடி காற்றில் வெள்ளையாகத் தெரிவது, அதன் ஒளிவிலகல் எண் 1.6ஐ ஒட்டியும் காற்றின் எண் 1 ஆகவும் இருப்பதால். இரண்டுக்கும் இவ்வளவு வேறுபாடு இருந்தால் ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி சிதறித் திரும்பும். அதே பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் வெள்ளை மறைந்து கிட்டத்தட்டக் கண்ணாடியாகிவிடும். எண்ணெயின் எண் 1.48. அல்ட்ராமரீனின் எண் 1.5, ஆகவே எண்ணெயில் அது ஒளியைச் சிதறடிக்காமல் உள்ளே விட்டுவிடும், ஆழ்ந்து கறுத்துத் தெரியும். ஈயவெள்ளையின் எண் ஏறத்தாழ 2. எண்ணெயிலும் அது வெள்ளையாகவே நிற்கும். வான் எய்க் அடியில் வெள்ளைத் தளம் அமைத்து, மேலே ஒளி ஊடுருவும் வண்ண எண்ணெயை மெல்லிய படலங்களாகப் பூசினார். உள்ளே போகும் ஒளி படலங்களைக் கடந்து, வெள்ளைத் தளத்தில் மோதி, மறுபடி அதே படலங்களைக் கடந்து வெளியே வருகிறது. இரண்டு முறை வடிகட்டிய சிவப்பு அது.

வெனிஸில் டிஷியன் இந்தப் படலங்களை அடுக்கடுக்காகப் பூசிய விதத்தையும், கோடு பெரிதா வண்ணம் பெரிதா என்று இத்தாலியிலும் பிறகு பாரிஸ் கலைக்கழகத்திலும் நடந்த நீண்ட சண்டையையும் இங்கே கடந்துபோகிறேன். நாம் நியூட்டனிடம் போக வேண்டும்.

முப்பட்டகம் வெள்ளொளியை வண்ணப்பட்டையாகப் பிரித்ததை எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். நியூட்டனின் 1704ஆம் ஆண்டு நூலில் அதைவிட எனக்குப் பிடித்த ஒரு சோதனை உண்டு. அதை ஓவியர் பட்டறையின் பொடிகளைக் கொண்டே செய்தார். மஞ்சள் அரிதாரம், செம்புக்களிம்பு, ஊதாப்பொடி, நீலப்பொடி எல்லாவற்றையும் தக்க அளவில் கலந்தார். எல்லா வண்ணமும் சேர்ந்தால் வெள்ளை வர வேண்டும் என்பது அவருடைய கொள்கை, வந்ததோ சாம்பல். அவர் தளரவில்லை. சாம்பல் என்பது வெளிச்சம் குறைந்த வெள்ளைதான் என்று நினைத்தார். கலவையைத் தரையில் வெயில் படும் இடத்தில் வைத்தார். அருகில் நிழலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். அந்த நேரம் பார்க்க வந்த நண்பரை வாசலிலேயே நிறுத்தி, இரண்டில் எது நல்ல வெள்ளை என்று கேட்டார். இரண்டுமே நல்ல வெள்ளைதான் என்றார் நண்பர்.

வெள்ளொளி கலவையானது என்பதற்கு நியூட்டன் இதைச் சான்றாக்கினார். அந்த வாசலில் இன்னோர் உண்மையும் நின்றுகொண்டிருந்தது: ஒரு பரப்பு வெள்ளையா சாம்பலா என்பதை அந்தப் பரப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, அதைச் சுற்றியுள்ளவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஷெவ்ரலிடம் வந்த புகாருக்கு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே விடை எழுதியாகிவிட்டது. யாரும் அந்தக் கோணத்தில் படிக்கவில்லை.

ஓவியர்கள் நியூட்டனிடமிருந்து எடுத்துக்கொண்டது அவருடைய வண்ண வட்டத்தை. அதை எடுத்துக்கொண்டதும் ஒரு முரண்பாடு முளைத்தது. வட்டத்தின் நடுவில் வெள்ளை இருக்கிறது; தட்டில் குழைத்தால் சேறு வருகிறது. யாகோப் கிறிஸ்டஃப் லெ ப்ளோன் என்பவர் 1725இல் லண்டனில் வெளியிட்ட சிறு நூலில் இதை நேர்மையாகப் பிரித்துச் சொன்னார். தொட்டுணரக்கூடிய வண்ணப் பொருள்கள் வேறு, தொட முடியாத ஒளி வண்ணங்கள் வேறு. முன்னவை கலந்தால் கறுப்பு, பின்னவை கலந்தால் வெள்ளை. சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டு முழு வண்ணப் படம் எடுத்தவரும் இவரே. அவருடைய லண்டன் நிறுவனம் நொடித்துப்போனது. ஆனாலும் இன்று நாம் கையில் எடுக்கும் எந்த வண்ணப் பத்திரிகையும் அவர் வழியில் வந்ததுதான்.

ஏன் இப்படி என்பதற்குத் தீர்வு சொன்னவர் ஜெர்மானிய அறிவியலர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1852இல். நீல வண்ணப்பொடி சிவப்பையும் மஞ்சளையும் விழுங்கிவிட்டு நீலத்தையும் கொஞ்சம் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. மஞ்சள் பொடி நீலத்தை விழுங்கிவிட்டு மஞ்சள், சிவப்பு, பச்சையைத் திருப்பி அனுப்புகிறது. இரண்டையும் குழைத்தால், இருவரிடமும் தப்பிப் பிழைப்பது பச்சை மட்டும். குழைத்தல் என்பது கழித்தல். நீல ஒளியையும் மஞ்சள் ஒளியையும் ஒரே திரையில் விழவைத்தால் அது கூட்டல். தக்க அளவில் சேர்த்தால் வெள்ளை கிடைக்கும். நீலமும் மஞ்சளும் பச்சை என்று தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்த ஓவியர்களுக்கு இது அதிர்ச்சி.

இனி ஷெவ்ரலின் விதிக்கு வருவோம். அடுத்தடுத்து உள்ள இரண்டு வண்ணங்கள் கண்ணுக்கு எவ்வளவு வேறுபட முடியுமோ அவ்வளவு வேறுபட்டுத் தெரியும்; சாயலிலும் அப்படித்தான், வெளிச்ச அளவிலும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தன் எதிர்நிறத்தை அடுத்ததன் மேல் ஏற்றும். சிவப்பு தன் பக்கத்தில் உள்ளதைப் பச்சையை நோக்கித் தள்ளும். மஞ்சள் ஊதாவை நோக்கித் தள்ளும். ஒரே சாம்பல் தாளில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்பு அட்டையிலும் இன்னொன்றை வெள்ளை அட்டையிலும் ஒட்டிப் பாருங்கள். கறுப்பில் ஒட்டியது வெளிர்ந்தும், வெள்ளையில் ஒட்டியது கறுத்தும் தெரியும். இரண்டும் ஒரே தாள் என்று அறிந்த பிறகும் அப்படித்தான் தெரியும். அறிவு கண்ணைத் திருத்துவதில்லை.

வண்ணங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும்போது நடப்பதையும் ஷெவ்ரல் கவனித்தார். துணிக்கடையில் வாடிக்கையாளருக்குச் சிவப்புத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பதினான்கு எடுத்துப் போட்டால், கடைசி ஆறேழு மட்டமாகத் தெரியும் என்கிறார். துணி மட்டமல்ல, கண் சிவப்பில் களைத்துவிட்டது. இடையில் பச்சைத் துணியைக் காட்டினால் கண் மீண்டுவிடும். 1810இல் வெளியான கெதேயின் வண்ண நூலிலும் இதே போன்ற நிகழ்ச்சி உண்டு. விடுதியில் கருங்கூந்தலும் வெண்முகமும் செந்நிற மேலாடையுமாக நின்ற பெண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார் கெதே; அவள் நகர்ந்ததும் வெள்ளைச் சுவரில் கறுத்த முகமும் கடல்பச்சை ஆடையும் தெரிந்தன. நியூட்டனை மறுக்கக் கெதே செய்த வாதங்கள் தோற்றன. கண் ஒரு கருவியைப் போல வாங்கிக்கொள்வதோடு நிற்பதில்லை, தானும் வண்ணம் உண்டாக்குகிறது என்று அவர் சொன்னது நிலைத்தது.

கண் ஏன் இப்படிச் செய்கிறது? ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குதிரைலாட நண்டின் கண்ணை எடுத்துக்கொண்டு இதற்குப் பாதி விடை கண்டார். 1967இல் நோபல் பரிசும் பெற்றார். ஒளி பட்ட ஓர் உணர்செல் தன் செய்தியை அனுப்பும்போதே, பக்கத்துச் செல்களின் செய்தியை அடக்குகிறது. வெளிச்சத்துக்கு அருகிலுள்ள இருட்டு மேலும் இருளுவதும், இருட்டுக்கு அருகிலுள்ள வெளிச்சம் மேலும் வெளிர்வதும் இதனால். நம் விழித்திரையிலும் இந்த ஏற்பாடு உண்டு. வண்ணத்துக்கு இன்னும் ஒரு படி: மூன்று வகைக் கூம்புச் செல்களின் செய்திகள் சிவப்புக்கு எதிர் பச்சை, நீலத்துக்கு எதிர் மஞ்சள் என்று எதிரெதிர் இணைகளாகக் கழிக்கப்பட்ட பிறகே மூளைக்குப் போகின்றன. ஜெர்மானிய உடலியலர் எவால்ட் ஹெரிங் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதை ஊகித்திருந்தார். மூளைக்கு வேண்டியது ஒரு பரப்பிலிருந்து வரும் ஒளியின் அளவு அல்ல. காலை வெயிலிலும் மாலை வெயிலிலும் பழம் பழுத்ததா இல்லையா என்று தெரிய வேண்டும். அதற்கு அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுக் கழித்தால்தான் முடியும்.

ஓவியருக்கு இது பிழைப்பாதாரம். நல்ல வெள்ளை வண்ணம் தன் மேல் விழும் ஒளியில் சுமார் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைத் திருப்பி அனுப்பும். நல்ல கறுப்பு மூன்று நான்கு பங்கை அனுப்பும். ஆக ஓவியரின் கையில் உள்ள வீச்சு, முப்பதுக்கு ஒன்று என்ற அளவுதான். வெயிலில் குளிக்கும் ஒரு தெருவிலோ, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே ஆயிரத்துக்கு ஒன்றைத் தாண்டும் வேறுபாடு இருக்கலாம். சூரியனை எந்த வண்ணத்தாலும் தீட்ட முடியாது. க்லோத் மோனே 1872 தேதியிட்டு, லெ ஆவ்ர் துறைமுகத்தில் சூரியன் எழுவதைத் தீட்டிய ஓவியம் பாரிஸின் மார்மொத்தான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தால் சூரியன் ஏறக்குறையக் காணாமல் போய்விடும். ஹார்வர்டின் நரம்பியலர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதை விளக்கினார்: ஆரஞ்சுச் சூரியனும் சாம்பல்நீல வானமும் வெளிச்ச அளவில் கிட்டத்தட்டச் சமம். மூளையில் இடத்தையும் அசைவையும் கவனிக்கும் பகுதி வெளிச்ச வேறுபாட்டைத்தான் பார்க்கும். அதற்கு இந்தச் சூரியன் தென்படுவதில்லை. வண்ணத்தைப் பார்க்கும் பகுதிக்கோ பளிச்சென்று தென்படுகிறது. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போகாததால் சூரியன் நிலைகொள்ளாமல் மினுங்குகிறது. மோனேவுக்கு நரம்பியல் தெரியாது. நீலச்சாம்பலின் நடுவில் ஆரஞ்சை வைத்தால் என்ன ஆகும் என்பது தெரியும்.

வண்ணங்களும் அந்த நூற்றாண்டில் மலிந்துவிட்டன. 1797இல் பிரெஞ்சு வேதியியலர் வோக்லான் குரோமியத்தைக் கண்டுபிடித்ததைத் தொடர்ந்து குரோம் மஞ்சள் வந்தது. 1824இல் செயற்கை அல்ட்ராமரீனுக்கு 6,000 ஃபிராங்க் பரிசு அறிவித்தார்கள். நான்கே ஆண்டில் கிமே என்ற வேதியியலர் அதை வென்றார். பதக்‌ஷானின் கல் தன் அரியணையை இழந்தது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் தகரக் குழாயில் வண்ணத்தை அடைத்தார். பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்த வண்ணத்தோடு இனி அல்லாட வேண்டியதில்லை, வெளியே எடுத்துப்போய் வெயிலில் தீட்டலாம்.

இந்தப் புது வண்ணங்களையும் ஷெவ்ரலின் விதியையும் ஒன்றுசேர்த்தவர் ஓவியர் ஜார்ஜ் சூரா. ஷார்ல் ப்ளான் 1867இல் எழுதிய கலை இலக்கண நூல் வழியாக ஷெவ்ரலை அறிந்தார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆக்டன் ரூட் எழுதிய வண்ணவியல் நூல் 1881இல் பிரெஞ்சில் வந்ததும் அதையும் கற்றார். ‘கிராந்த் ஜாத் தீவில் ஒரு ஞாயிறு பிற்பகல்’ என்ற இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்ட ஓவியத்தை 1884 முதல் 1886 வரை தீட்டினார். அது பார்வைக்கு வந்த ஆண்டில் ஷெவ்ரலுக்கு நூறு வயது நிறைந்தது. அப்போதும் உயிரோடு இருந்தார். தட்டில் குழைக்காமல், தூய வண்ணங்களைச் சிறு தீற்றல்களாகவும் புள்ளிகளாகவும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், தூரத்திலிருந்து பார்ப்பவரின் கண்ணில் அவை கலந்து கூடுதல் ஒளியோடு தெரியும் என்பதுதான் சூராவைப் பற்றி எல்லாப் புத்தகத்திலும் உள்ள விளக்கம்.

இந்த விளக்கத்தை அப்படியே ஏற்க முடியாது. ஒரு சிறு கணக்குப் போடலாம். நல்ல கண்ணால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய கோணம், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மில்லிமீட்டர் புள்ளி அந்தக் கோணத்துக்குள் அடங்க, நாம் சுமார் மூன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் புள்ளிக்குப் பத்து மீட்டர் தள்ள வேண்டும். அவ்வளவு தள்ளி நின்று அந்த ஓவியத்தை யார் பார்க்கிறார்கள்? முழுதாகக் கலக்கும் தூரத்துக்குப் போனாலும் கிடைப்பது சராசரிதான். மயில்கழுத்து நிறப் பட்டில் பாவும் ஊடையும் வெவ்வேறு நிறமாக இருந்து ஒரு நடுநிறம் தோன்றுகிறதே, அதே கதை. நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் கலந்தால் பச்சைகூட வராது, சாம்பல்தான் வரும். கோப்லான் நெசவாளர்களை ஷெவ்ரல் இதற்காகவே எச்சரித்திருந்தார்: எதிர்நிற நூல்களை மிக நுணுக்கமாகக் கலந்து நெய்தால் திரை மங்கிவிடும். ஒன்றையொன்று தூக்கிவிட வேண்டுமானால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் கண் பிரித்துப் பார்க்கும் அளவு இடம் வேண்டும்.

சூராவின் ஆற்றல் புள்ளியில் இல்லை, விளிம்பில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அவருடைய ‘அஸ்னியேரில் குளிப்பவர்கள்’ ஓவியத்தில் அமர்ந்திருக்கும் இளைஞரின் முதுகைக் கூர்ந்து பாருங்கள். வெயில் பட்ட பக்கத்தை ஒட்டிய பின்னணியைச் சற்றே கறுக்கச் செய்திருப்பார். நிழல் பக்கத்தை ஒட்டியதை வெளிர வைத்திருப்பார். விழித்திரை தானாகச் செய்யும் வேலையை ஓவியர் தூரிகையால் முன்கூட்டியே செய்து, இரண்டு மடங்காக்குகிறார். நண்டின் கண்ணில் ஹார்ட்லைன் கண்ட அடக்குதலை, அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே லண்டன் தேசியக் கலைக்கூடத்தில் இன்று தொங்கும் அந்தத் துணியில் காணலாம். ‘கிராந்த் ஜாத்’தைச் சுற்றிப் பின்னர் ஓர் எல்லைப் பட்டையும் தீட்டினார், உள்ளே இருக்கும் வண்ணத்துக்கு எதிர்நிறப் புள்ளிகள் அதில். ரூட் தம் பெயரால் உண்டான இந்த ஓவியங்களை விரும்பவில்லை. அந்த நூலை எழுதாமலே இருந்திருக்கலாம் என்று வருந்தியதாக அவருடைய மகன் எழுதியிருக்கிறார். அந்த வருத்தம் தேவையற்றது.

சூரா 1891இல், 31ஆம் வயதில் இறந்துவிட்டார். மறு ஆண்டே விமர்சகர் ஃபெலிக்ஸ் ஃபெனியோன் ஒரு கெட்ட செய்தியைப் பதிவு செய்தார்: ‘கிராந்த் ஜாத்’தின் வண்ணம் கெட்டுவருகிறது. சூரா நம்பிப் பயன்படுத்திய துத்தநாக மஞ்சள் பழுத்துக் காவியாகிவிட்டது. வெயில் பட்ட புல்லில் சுடர வேண்டிய மஞ்சள் புள்ளிகள் பழுப்பாயின; அதே மஞ்சளைக் கலந்து செய்த ஆரஞ்சும் இளம்பச்சையும் மங்கின. ஒரு நிறமி கெட்டால் அது இருந்த இடம் மட்டும் கெடுவதில்லை. மஞ்சளை நம்பி அருகில் வைத்த ஊதாவும், பச்சையை நம்பி வைத்த சிவப்பும் தங்கள் துணையை இழந்து சோர்கின்றன. உறவால் நிற்கும் வண்ணத்துக்கு, பொருளின் வேதியியல் தரும் தண்டனை இது.

வின்சென்ட் வான் கோவுக்கு இது நன்றாகவே தெரியும். ஷார்ல் ப்ளானின் நூலைப் படித்தவர் அவரும். சிவப்பு அரக்குப் பூசிய ஒரு பெட்டியில் கம்பளி நூலுருண்டைகளை வைத்திருந்தார். வெவ்வேறு வண்ண இழைகளைச் சேர்த்து முறுக்கிச் சுற்றி, எது எதனோடு சேர்ந்தால் என்ன தெரிகிறது என்று பார்த்துக்கொள்வதற்காக. அந்தப் பெட்டி இன்றும் ஆம்ஸ்டர்டாம் வான் கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிய வண்ணங்கள் நிலைக்காது, ஆகவே முதலிலேயே அவற்றை அப்பட்டமாக, அழுத்தமாகப் பூச வேண்டும், காலம் அவற்றை மென்மையாக்கட்டும் என்று 1888இல் தம்பி தியோவுக்கு எழுதினார். காலம் அவர் கணக்கிட்டதைவிட அதிகமாகவே செய்துவிட்டது. குரோம் மஞ்சளில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம், ஒளி பட்டு மூன்று இணைதிறனுக்கு இறங்கிப் பழுப்பாகிறது என்பதை, கிரெனோபிள் நகரின் சிங்க்ரோட்ரான் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தவர்கள் 2011இல் வெளியிட்டார்கள். ஈயோசின் சாயத்திலிருந்து செய்த செந்நிறம் இன்னும் மோசம். அது வெளிறி மறைந்தே போகிறது.

ஆர்ல் நகரில் தாம் தங்கியிருந்த படுக்கையறையை 1888 அக்டோபரில் வான் கோ தீட்டினார். அறையின் நீலச் சுவரும் மஞ்சள் கட்டிலும் உலகம் முழுதும் நாட்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் பழகிய படம். ஆனால் தியோவுக்கு எழுதிய கடிதத்தில் சுவர் வெளிர் ஊதா என்கிறார், கதவுகளும் இளம் ஊதா என்கிறார். நீலத்தோடு அவர் கலந்த செந்நிறம் வெளிறிவிட்டதால் நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மஞ்சளுக்கு எதிர்நிறம் ஊதா என்று ஷெவ்ரலிடமிருந்து ப்ளான் வழியாகக் கற்ற ஒருவர், ஓய்வையும் உறக்கத்தையும் வண்ணத்தால் உணர்த்தவென்று கட்டிய அறை அது. ஊதாவின் முன் அந்த மஞ்சள் அமைதியாக நின்றிருக்கும். நீலத்தின் முன் அது கூவுகிறது. வான் கோவின் கடிதங்கள் அனைத்தையும் அருங்காட்சியகம் இணையத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. இந்த ஓவியத்தின் படம் அடுத்த முறை உங்கள் கண்ணில் பட்டால், அந்தக் கடிதத்தை முதலில் படித்துவிடுங்கள். பிறகு சுவரை ஊதாவாக மாற்றி அச்சிட்ட ஆய்வாளர்களின் மீட்டுருவாக்கப் படத்தையும் தேடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டிலைப் பாருங்கள்.